ஒருத்தர் குடியை விட்டால் எத்தனை பேர் பிழைக்கிறோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மைக் பிடிப்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை தீர்மான நோட்டைப் பார்த்து வாசித்தேன், அது சுலபம். இந்தத் தடவை தலைவி அக்கா, "நீ உங்க வீட்டுக் கதையப் பேசு, அதுதான் பத்துப் பேருக்குப் பிரயோசனம்" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் கேட்டேன். எங்க வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பேசு. என் பேரை மட்டும் சொல்லாத. எல்லாருக்கும் தெரியும்தான், இருந்தாலும் சொல்லாத" என்றார். அதனால் சொல்லவில்லை.

எங்க வீட்டுக்கு முன்னால் வேறு ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லணும். நம்மை மாதிரி வீடு இல்லை அது, பெரிய வீடு. சென்னையில் டி.டி.கே. குடும்பம் என்றால் பிரஷர் குக்கர் எல்லாருக்கும் ஞாபகம் வரும். மத்திய நிதி மந்திரியாக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன். அவருக்குக் குடிப்பழக்கம். பணம் இருந்தது, டாக்டர்கள் இருந்தார்கள், எல்லா வசதியும் இருந்தது. 33 வயதில் இறந்துபோனார். அப்போது நம்ம நாட்டில் குடியை ஒரு நோயாக எடுத்துக்கொண்டு முழுசாக வைத்தியம் பார்க்கிற இடம் அபூர்வம். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்கா போய் இதற்கென்று பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார். 1980-இல் கணவர் பெயரிலேயே சென்னையில் ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று சொல்வார்கள், அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது. அரசாங்கம் அவருக்கு 1992-இல் பத்மஸ்ரீ கொடுத்தது.

அந்த அம்மா செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது ரெண்டு. ஒன்று, குடிக்கிறவருக்கு வைத்தியம் பார்க்கும்போதே வீட்டு ஆளுகளுக்கும் தனியாக வகுப்பு வைத்தார்கள். இன்னொன்று, சென்னைக்கு வர முடியாத ஏழை ஜனங்களுக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் மஞ்சக்குடி என்ற கிராமத்திலேயே முகாம் போட்டு வைத்தியம் பார்த்தார்கள். ஊருக்குள்ளேயே வைத்தியம் நடந்தால் ஊரே பார்க்கும். போன மாசம் தெருவில் விழுந்து கிடந்தவன் இந்த மாசம் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறான் என்றால், அதைவிட வேறு விளம்பரம் என்ன வேணும்? அந்த அம்மாவின் கணவர் மீளவில்லை. அவரை வைத்து எத்தனையோ பேர் மீண்டார்கள்.

இப்போது எங்க வீடு. குடித்தபோது என்ன நடந்தது என்று நான் விரிவாகச் சொல்லப் போவதில்லை. இங்கே பாதிப் பேருக்கு அது மனப்பாடம். கணக்கை மட்டும் சொல்கிறேன். தினம் ஒரு கோட்டர், சனி ஞாயிறு ரெண்டு ரெண்டு. வாரத்துக்கு ஒன்பது. இன்றைக்குக் குறைந்த விலைச் சரக்கே 140 ரூபாய் என்று வைத்தால் வாரம் 1,260. வருஷத்துக்கு 65,520 ரூபாய். சைடு டிஷ், கூட்டாளிக்கு வாங்கிக் கொடுத்தது, கீழே விழுந்து தையல் போட்டது இதில் சேரவில்லை. நம்ம குழுவில் 50,000 கடன் கேட்டால் எத்தனை கையெழுத்து, எத்தனை கூட்டம், எத்தனை கேள்வி! அந்தப் பணத்துக்கு மேலே வருஷா வருஷம் ஒரு கையெழுத்தும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருந்தபோது அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதல் வாரம் குடியைப் பற்றி யாரும் புத்தி சொல்லவில்லை. கை நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் மருந்து, ஊசி வழியாக பி1 வைட்டமின், ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை. உடம்பு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள். எனக்கும் ஒரு நாள் தனியாக நாற்காலி போட்டு உட்கார வைத்து, "உங்களுக்கு எப்படி இருக்கும்மா? நீங்க தூங்குறீங்களா?" என்று அங்கே ஆலோசனை சொல்கிற தங்கச்சி கேட்டது. கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. பதில் சொல்ல வரவில்லை, அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு முதலில் மாறியது சத்தம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் எங்க வீட்டில் டி.வி. ஆப் ஆகும், பெரியவன் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வான், சின்னவள் என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வாள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் தெளிந்து வந்த பிறகும் ரெண்டு மூணு மாசம் அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் அப்படித்தான் செய்தார்கள். அவர் வாசலில் நின்று அதைப் பார்த்தார். மறுநாளில் இருந்து தெரு முக்கிலேயே, "பாப்பா, அப்பா வர்றேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து அழுகிற சின்னவள் நாலஞ்சு மாசத்தில் அழுவதை நிறுத்தினாள். நாங்கள் மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

பெரியவன் அப்போது எட்டாவது. "படிச்சு என்ன, நானும் வேலைக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன். இப்போது சாத்தூரில் பதினொன்றாவது படிக்கிறான். அவன் அப்பாவிடம் இன்னும் அளந்துதான் பேசுவான். போகட்டும், அவனுக்கு அவன் நேரம் ஆகும்.

எங்க அத்தை, அதாவது மாமியார், முதியோர் பென்சன் வாங்கினால் அன்றைக்கே அரிசி டிரம்முக்கு அடியில் புதைத்து வைப்பார்கள். மகன் எடுத்துவிடுவான் என்ற பயம். பெத்த மகனுக்குப் பயந்து அரிசிக்குள் கையை விடுகிற ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். இப்போது அது சுருக்குப்பையில் இருக்கிறது. போன ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போனபோது அதிலிருந்து எடுத்து எல்லாருக்கும் சேவு வாங்கிக் கொடுத்தார்கள். மகனுக்கு ஒரு பொட்டலம் கூட.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் குடித்துக்கொண்டிருந்த வருஷங்களில் வீட்டு முடிவு எல்லாம் நான்தான். ரேஷன், பள்ளிக்கூடம், குழுக் கடன், நகை அடகு எல்லாம் என் கையில். தெளிந்து வந்தவர், "சம்பளத்த என்ன செஞ்ச? கணக்குச் சொல்லு" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் சண்டை, கேட்காவிட்டால் எனக்கு நெஞ்சடைப்பு. இதைத்தான் ஆஸ்பத்திரித் தங்கச்சி முன்னாலேயே சொல்லியிருந்தது. குடிக்கிறவர் நிறுத்தினால் வீட்டில் எல்லாரும் இடம் மாறி உட்காரணும், அது லேசில் நடக்காது என்று.

கடைசியில் கைகொடுத்தது நம்ம குழுப் பழக்கம்தான். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு நோட்டை எடுத்து வைத்து, வரவு, செலவு, கடன் தவணை, கையிருப்பு என்று குழுக் கூட்டம் மாதிரியே எழுதினோம். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சின்னவள் பார்த்துவிட்டு, "ஊக்குநர் யாரு?" என்று கேட்டது. இன்றைக்கு வரைக்கும் அந்த நோட்டு ஓடுகிறது. குழுவில் ஏழு மாசம் நிலுவையில் இருந்த என் தவணை அந்த நோட்டில் இருந்துதான் அடைந்தது. அந்த ஏழு மாசமும் என் பங்கைச் சுமந்தது என் குழுவில் இருக்கும் மற்ற பதினோரு பேர். அவர் குடித்ததற்குப் பதினோரு பெண்கள் வட்டி கட்டியிருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

அடுத்து நம்ம ஊருக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். பயர் ஆபீஸ்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் காலையில் வேன் ஏறுகிற வீடுகள்தான் நாம் எல்லாரும். மருந்து கலக்கிறதும் செலுத்துகிறதும் வெயில் ஏறுகிறதுக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை. ஒரு அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று சுவரில் எழுதியிருக்கும். உரசல் ஆகாது, அழுத்தக் கூடாது, கீழே சிந்தக் கூடாது. பட்டாசுக்கு ஒரு தடவை போதும்.

தினம் குடிக்கிற ஆளுக்குக் காலையில் கை நடுங்கும். ராத்திரிக் குடித்தது இறங்கும்போது வருகிற நடுக்கம் அது. அப்போது அவர் குடிபோதையில் இல்லை, வாசனையும் பெரிசாக வராது. வேனில் ஏறும்போது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கையோடு மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அதே அறையில் இருக்கிற மற்ற ஆளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்க வீட்டுக்காரர் கை நின்ற பிறகு ஒரு நாள் அவர் கூட வேலை பார்க்கிற அண்ணன் வீட்டுக்கு வந்து காபி குடித்தார். போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, "தங்கச்சி, இப்பத்தான் நான் நிம்மதியா வேலை பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரைக்கும் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கூட வேலை பார்க்கிறவனின் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்து, தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்.

கை நடுக்கம் என்றதும் ஆஸ்பத்திரியில் கேட்ட ஒரு கதை ஞாபகம் வருகிறது. 1935-இல் அமெரிக்காவில் பில் என்று ஒருத்தர். பங்கு வியாபார வேலை, மோசமான குடிகாரர், நிறுத்திச் சில மாசம்தான் ஆகியிருந்தது. அக்ரன் என்ற ஊருக்கு வேலையாகப் போன இடத்தில் காரியம் கெட்டுப்போனது. தங்கியிருந்த ஓட்டலிலேயே மதுக்கூடம். போய்விடலாமா என்று மனசு இழுக்கிறது. அப்போது அவருக்குத் தோன்றியது, தன்னை மாதிரியே குடிநோய் இருக்கிற இன்னொரு ஆளிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று. அங்கே இங்கே போன் போட்டு விசாரித்து, அந்த ஊரில் பாப் என்கிற டாக்டரைப் பிடித்தார். அந்த டாக்டர் ஆபரேஷன் செய்கிறவர், அவருக்கும் குடி. ரெண்டு பேரும் மணிக்கணக்கில் பேசினார்கள். அதுக்கப்புறமும் டாக்டர் ஒரு தடவை சறுக்கினார். ஜூன் 10-ஆம் தேதி, ஆபரேஷனுக்குக் கை நடுங்கக் கூடாது என்று ஒரு பீர் குடித்துவிட்டுப் போனதுதான் அவருடைய கடைசிக் குடி. அந்தத் தேதியைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற ஏ.ஏ. இயக்கம் தன் பிறந்த நாளாகச் சொல்கிறது. இன்றைக்கு உலகம் பூராவும் அந்தக் கூட்டம் நடக்கிறது, நம்ம தமிழ்நாட்டிலும் நடக்கிறது. சந்தா கிடையாது. பெயரை வெளியே சொல்ல வேண்டியதும் கிடையாது.

இதில் கவனியுங்கள், பில் அந்த டாக்டரிடம் உபதேசம் பண்ணப் போகவில்லை. தான் பிழைக்கப் போனார். எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் ஆனது. ஏழாவது மாசம் ஒரு கேத வீட்டில் மறுபடி குடித்துவிட்டார். மூணாம் நாள் அவரே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரும்போது, "சும்மா இருந்தா கால் அங்கதான் போகுது" என்றார். அதுக்கப்புறம் தெருவில் நிறுத்தணும் என்று நினைக்கிற ஆள் யார் என்று பார்த்து, ஞாயிற்றுக்கிழமை டீக்கடைப் பக்கம் போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

இதுவரைக்கும் மூணு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒருத்தர் ரெண்டு வருஷமாகத் தொடவில்லை. அவருடைய வீட்டுக்காரம்மா இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது, நான் பார்க்கவில்லை அந்தப் பக்கம். இன்னொருத்தர் நிறுத்துவார், குடிப்பார், நிறுத்துவார். மூணாவது ஆள் மூணாம் நாளே ஆஸ்பத்திரியில் இருந்து ஓடி வந்துவிட்டார். போன பங்குனியில் ஈரல் கெட்டு இறந்துபோனார். அன்றைக்கு எங்க வீட்டுக்காரர் ராத்திரி பூராவும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் போய் ஒன்றும் பேசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்த அக்கா நம்ம கூட்டமைப்பில் தையல் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறது.

அந்தப் பில்லுடைய மனைவி லோயிஸ் கதையும் உண்டு. கணவர் குடியை விட்டு, தினம் கூட்டம் கூட்டம் என்று ஓட ஆரம்பித்ததும் அந்த அம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைத் தூக்கி எறிந்ததாம். இத்தனை வருஷம் நான் கெஞ்சினேன் நிறுத்தவில்லை, இன்றைக்கு யாரோ சொல்லி நிறுத்தினாயே என்ற ஆத்திரம். கேட்டதும் சிரித்தேன், எனக்கு அது நன்றாகப் புரிந்தது. பிறகு அந்த அம்மா, குடிக்கிறவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் தனியாகப் பேச இடம் வேணும் என்று 1951-இல் அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கியது.

கடையை மூடச் சொல்லி மனுக் கொடுக்கிறதில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். ஆனால் பழக்கமானவர் பக்கத்து ஊருக்குப் போய்க் குடிப்பார், பஸ் காசும் சேர்ந்து போகும். ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் 1992-இல் தூபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள், அறிவொளி மாதிரி முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துப் படிக்க வந்தவர்கள், சாராயக் கடையை விரட்டினார்கள். மாநிலம் பூராவும் பரவி 1993-இல் சாராயத்துக்குத் தடை வந்தது, 1995-இல் முழு மதுவிலக்கே வந்தது. 1997-இல் அரசாங்கம் அதைத் தளர்த்திவிட்டது. ஆனால் அந்தப் பெண்கள் சாராயத்தில் மிச்சமான காசை நாளைக்கு ஒரு ரூபாய் என்று சேமிக்கத் தொடங்கினார்களே, பொதுப்புலட்சுமி என்று பெயர் வைத்து, அந்தச் சேமிப்புக் குழுக்கள் நின்றுவிடவில்லை. கடை திரும்பி வந்துவிட்டது, குழு போகவில்லை. நாமும் குழுதானே.

அதனால் நம்ம கூட்டமைப்பிடம் நான் கேட்பது இதுதான். தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருக்கிற நாட்கள்தான் ஆஸ்பத்திரிக்கு நல்ல நேரம். வேலை கெடாது, "சரக்கு அனுப்பணும், லீவு இல்ல" என்ற சாக்கும் இல்லை. போனஸ் காசு கையில் இருக்கிறதால் குடி கூடுகிறதும் அந்த நேரத்தில்தான். அப்போது சேர்க்க நினைக்கிற வீட்டுக்குப் பஸ் செலவும், கூட இருக்கிற பெண்ணுக்கு அந்தப் பத்து நாள் கூலி போனதற்குக் கொஞ்சமும் நலிவுற்றோர் நிதியில் இருந்து வட்டியில்லாமல் கொடுக்க வேணும். பிள்ளைகளை அந்த நாட்களில் குழுவில் ஒருத்தர் வீட்டில் வைத்துக்கொள்ள வேணும். எனக்கு அப்போது பக்கத்து வீட்டு மதினி இருந்தது, எல்லாருக்கும் அப்படி அமையாது.

வீட்டில் இருக்கிற பெண்களுக்கும் ரெண்டு வார்த்தை. பல வருஷமாகத் தினம் குடிக்கிறவரைப் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரும். ரெண்டு மூணு நாளில் புத்தி குழம்பி, இல்லாத பூச்சி, பாம்பெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆகும். உயிரே போகலாம். மாலை போட்டு, கயிறு கட்டி நிறுத்துகிறவர்களும் உண்டு, நான் சாமியைக் குறை சொல்லவில்லை. கயிறு கட்டுகிற அன்றைக்கே டாக்டரையும் பாருங்கள். அப்புறம், சாம்பாரில் அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கிற பொடி, மாத்திரை எதுவும் வேண்டாம். குடியை வெறுக்க வைக்கிற மாத்திரை ஒன்று உண்டு, அது உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி நெஞ்சு படபடத்து ஆள் விழுந்துவிடுவார். டாக்டர் அவருக்குச் சொல்லி, அவர் சம்மதித்துச் சாப்பிட வேண்டியது அது. யாராவது ஐநூறு, ஆயிரம் வாங்கிக்கொண்டு பொடி கொடுத்தால் வாங்காதீர்கள்.

போன் நம்பர் எழுதிக்கொள்ளுங்கள். 14446, போதை மீட்பு ஆலோசனைக்கு, காசு கிடையாது. 104-க்கும் பேசலாம், அது நம்ம தமிழ்நாடு சுகாதாரத் துறையுடையது. 2025-இல் தமிழக அரசு அரசு மருத்துவமனைகளில் கலங்கரை என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் திறந்திருக்கிறது, பக்கத்தில் எது என்று 104-இல் கேளுங்கள். போன் பேசக் கூச்சமாக இருந்தால் புதன்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்கு வாங்க. நான் பேசித் தருகிறேன். அவரிடம் பேசணும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில், டீக்கடையில்.

நான் கேட்ட நிதி விஷயத்தைத் தீர்மான நோட்டில் ஏற்றுவதா வேண்டாமா என்று இன்றைக்கே கையைத் தூக்கிச் சொல்லுங்கள். தீபாவளிக்கு ரொம்ப நாள் இல்லை. பொருளாளர் அக்கா அடுத்து நிதி அறிக்கை வாசிக்க வருகிறார்கள், அந்த நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள்.